ஒரு விசில், இரண்டு விசில்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மகள் சுகம், உங்கள் தங்கையும் இடது கால் கட்டைவிரல் நகம் ஒன்று நீங்கலாக முழுச் சுகம். அந்த நகம் கறுத்துப்போய், இறங்க வேண்டிய ஸ்டாப் வருவதற்காகக் காத்திருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் அதேபோல் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நான் அனுப்பிய செய்தியைப் படித்த பிறகு எந்த அண்ணனும் சுகமாக இருந்திருக்க முடியாது என்று மகள் சொல்கிறாள். ஆகையால் முதலில் அந்த விஷயம்.

நான் எழுதியது இதுதான்: “மச்சான், உங்கள் தங்கை ஓடிவிட்டாள். எங்கள் டிப்போ டிரைவர் வண்டியோடு பின்னாலேயே வந்தான். எனக்கு ஒரே சந்தோஷம்.” அனுப்பிய கையோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஓடினாள். டிரைவர் வந்தான். சந்தோஷமும் எனக்குத்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு அர்த்தம் வரும் என்பது பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பதினான்கு தடவை கூப்பிட்டதும், இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரியில் பாதி தூரம் வந்துவிட்டதும், அக்கா அழுதுகொண்டே “அந்தாளோட குணத்துக்கு இது என்னைக்காவது நடக்கும்னு எனக்குத் தெரியும்” என்று சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தாள் என்றது என்னையாம். பரவாயில்லை, அக்கா அக்காதான். கடைசியில் நீங்கள் மகளைப் பிடித்திருக்கிறீர்கள். அவளாவது ஒழுங்காகச் சொன்னாளா? “ஆமா மாமா, அம்மா ஓடிட்டாங்க, இன்னும் மெடலக் கடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறாங்க” என்றாளாம். நீங்கள் லாரியை ஓரம் கட்டிவிட்டீர்களாம்.

போனில் விளக்கலாம் என்று பார்த்தால் நீங்கள் திட்டி முடிப்பதற்கே பொழுது போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

உங்கள் தங்கைக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். இன்றைக்கு அவள் பஸ் ஓட்டுகிறாள், அதே பஸ்ஸில் நான் கண்டக்டர், பதினோரு வருஷமாக ஒரே ரூட் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவாள், இரண்டு கொடுத்தால் எடுப்பாள். வீட்டில் இந்த ஏற்பாடு செல்லாது. வீட்டில் விசில் அவளிடம். அப்படி உட்கார்ந்தே ஓட்டியதில் முதுகு வலி வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். முதல் கியரிலேயே எவ்வளவு தூரம் போவது என்று அவள் ஓட ஆரம்பித்தாள். அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். இருபத்தொரு கிலோமீட்டர், மேலே கொசுறாக ஒரு நூறு மீட்டர். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் தாள்கூட வந்துவிட்டது. அந்த வாரம்தான் நோய் வந்து ஊரடங்கியது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, ஓட்டமும் நின்றது. அந்தத் தாளைப் பிரிட்ஜ் மேல் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு டப்பாவையும் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள்.

மாடியைச் சுற்றினால் ஒரு சுற்று அறுபது மீட்டர். துணி உலர்த்தும் கயிற்றைக் கழற்றி நானே அளந்தேன். முந்நூற்று ஐம்பத்திரண்டு சுற்று சுற்றினால் அரை மராத்தான். கணக்கு மகள் போட்டது. அவளை நாங்கள் வீட்டில் செக்கர் என்றுதான் கூப்பிடுவோம். யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்காமல் விடமாட்டாள். சுற்றுகளை எண்ணுவது என் டியூட்டி. சீட்டு மெஷின் வந்த பிறகு செல்லாமல் போன பழைய சீட்டுக் கட்டுகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன. தொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் ஒரு சுற்று முடித்தால் ஒரு சீட்டைக் கிழிப்பேன். அவளும் என்னைத் தாண்டும்போதெல்லாம் சீட்டு கிழியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவாள். பஸ் ஓடாத நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் டியூட்டி பார்த்த மாதிரி இருந்தது.

இப்போது சொல்லப்போவது உங்களுக்கும் எனக்கும் மட்டும், மச்சான். அக்காவிடம்கூட வேண்டாம். ஒரு நாள் மாலை முந்நூற்று ஐம்பத்திரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பது என்று அவள் இறங்கினாள். இருநூறு வரை என் கை சுத்தம். பிறகு வியர்வையில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. எந்தக் கண்டக்டருக்கும் நடப்பதுதான். திருப்பி ஒட்டவா முடியும்? அடுத்த சுற்றில் அவள் மூச்சு எனக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. முகம் சிவந்து, கால் தேய்ந்து தேய்ந்து விழுந்தது. கை தானாகவே இரண்டு கிழித்தது. அதற்குப் பிறகு அது ஒட்டிக்கொண்டு வரவில்லை, நானே ஒட்டவைத்துக்கொண்டேன். மொத்தம் அறுபத்திரண்டு தடவை. கட்டு தீர்ந்ததும் எழுந்து நின்று “ஆச்சு! இறங்கலாம்!” என்று கத்தினேன். அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நீங்க போய்த் தட்டு வைங்க, நான் துணிய எடுத்துட்டு வரேன்” என்றாள். துணி எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றைக்குப் பார்த்து மேலே தண்ணீர் மோட்டார் தட்தட்டென்று அடித்துக் கூரைத் தூசியெல்லாம் தட்டில் விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் பண்ணி, மோட்டாரைப் பழுது பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

ஆக, உங்கள் தங்கை ஓடியதாக நினைத்தது இருபத்தொன்று. ஓடியது பதினேழு கிலோமீட்டரும் நானூறு மீட்டரும். இது உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

ஓட்டமே கிடையாது என்று இருந்தவரை இது என்னைத் தொந்தரவு செய்யவில்லை. இந்த வருஷம் மறுபடியும் ஓட்டம் என்று அறிவித்தார்கள். டிப்போ சுவரில் நோட்டீசை ஒட்டினார்கள். ஏனென்றால் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்காதவர்களை ஏற்றிக்கொண்டு வர எங்கள் டிப்போ பஸ்ஸைக் கேட்டிருந்தார்கள். நோட்டீசில் அதற்குப் பெயர் மீட்பு வண்டி. டிப்போவில் பெயர் அள்ளுற வண்டி. அதை ஓட்டுவதற்குப் போடப்பட்டவன் ஹாரன். பசுமாடு, பச்சை விளக்கு, மேகம், எதைப் பார்த்தாலும் ஹாரன் அடிப்பான் என்பதால் வந்த பெயர். அவன் உங்கள் தங்கையிடம் வந்து, “அக்கா, உங்களுக்கு ஜன்னலோர சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்கேன்” என்றான். கேண்டீனே சிரித்தது. உங்கள் தங்கை தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, சர்வீஸ்ல சேர்ந்ததுல இருந்து இந்த டிப்போ வண்டியில நான் பயணியா ஏறினது இல்ல. அன்னைக்கும் ஏற மாட்டேன்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் அந்த அறுபத்திரண்டு சீட்டை நினைத்துக்கொண்டு கேண்டீனை விட்டு நழுவினேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று இருந்தேன். பிறகு ஒரு ஆண்மகனாக முடிவெடுத்தேன்: சொல்வதைவிட, கூடவே நின்று அவளை ஓடவைத்துவிடுவது. ரூட் பூராவும் எனக்கு அத்துப்படி. ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு தடவை, பத்தில் ஒரு தடவை, பதினாலில் ஒரு தடவை, பிறகு பதினேழு நானூறில் கடைசியாக நிற்பது. நடுவில் பஸ் பிடித்துப் பஸ் மாறிப் போய்விடலாம். இதைவிடப் பக்கா திட்டம் எங்கள் டிப்போ மேனேஜர்கூடப் போட்டதில்லை.

அதிகாலை ஐந்தரைக்கு ஓட்டம் கிளம்பியது. உங்கள் தங்கை நம்பர் தாளைக் குத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் இல்லாத பஸ் கண்ணாடியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போனாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டத்துக்காகப் பஸ்களையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள் என்பதும், அந்த நோட்டீசை டிப்போவில் படித்துப் பயணிகளுக்கு விளக்கச் சொல்லி என்னிடமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்பதும் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. “நிறுத்துப்பா, நிறுத்து” என்றேன். அந்தக் கண்டக்டர் என்னைத் தெரிந்தவன்தான். “போர்டப் பாத்து ஏற மாட்டீங்களா? படிச்சவர் மாதிரி இருக்கீங்க” என்றான். மச்சான், இருபத்திரண்டு வருஷமாக நான் ஊர்பூராவும் சொல்லிய வாசகம் அது. எனக்கு யாரும் சொன்னதில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படியாக ஐந்தாவது கிலோமீட்டரும் பத்தாவதும் போய்ச் சேர்ந்தன.

பதினாலாவது கிலோமீட்டருக்கு, செக்கர் தன் ஸ்கூட்டரில் வந்து என்னை அள்ளிக்கொண்டு போனாள். தண்ணீர் கொடுக்கும் மேஜைப் பக்கம் நின்றோம். உங்கள் தங்கை வந்தாள், மச்சான், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோளை இறக்கி, ஓரம் பிடித்து, இண்டிகேட்டர் போட்டமாதிரி கையை நீட்டித்தான் முந்துகிறாள். எங்கே நம்மைக் கவனிக்காமல் போய்விடுவாளோ என்று சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். ஒரே ஒரு ஊது.

அவள் நின்றாள். மெதுவாகி நிற்கவில்லை, பிரேக் அடித்தாள். பின்னால் வந்த பல் டாக்டர் அவள் மேல் மோதினார், அவர் மேல் இரட்டையர் இருவர், அவர்கள் மேல் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர். “யாரும்மா இப்படி நடு ரோட்டுல சடன் பிரேக் போடுறது?” என்றார் பல் டாக்டர். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். “ஏன் நிறுத்தினீங்க? யாரு இறங்கணும்?” என்றாள். இரண்டு விசில் கொடுத்து எடுக்கச் சொல்வோம் என்று பார்த்தால், விசிலுக்குள் இருக்கும் உருண்டை எச்சிலில் சிக்கிக்கொண்டு வெறும் காற்றுதான் வருகிறது. அவள் கால் தரையிலேயே நிற்கிறது, பதினோரு வருஷப் பழக்கம். கடைசியில் செக்கர்தான் மேஜை மேல் ஏறி, “ரைட், ரைட்! போலாம்மா!” என்று கத்தினாள். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. போகும்போது உங்கள் தங்கை சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

பிறகு பதினேழு நானூறு. அது ஒரு செருப்புக்கடை முனை. செக்கர் என்னை அங்கே இறக்கிவிட்டு, போட்டோ எடுக்க முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கம்பமும் இல்லை, கொடியும் இல்லை. இதுவரைதான் என் மனைவி தன் வாழ்க்கையில் ஓடியிருக்கிறாள், இதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் புதுசு என்று எனக்கு மட்டும் தெரிந்த இடம். தூரத்தில் வந்தாள். தோள் ஏறியிருந்தது. மாடியில் கேட்ட அதே மூச்சு. அவளுக்குப் பின்னால் தெருமுனையில் பஸ் திரும்பியது. ஹாரன் அடித்தான்.

செருப்போடு அவள் பக்கத்தில் ஓடினேன். “கால் வரமாட்டேங்குதுங்க” என்றாள். “இன்னும் கொஞ்சம்தான்” என்றேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மாடியில இது முழுசையும் முடிச்சேன்ல?”

மச்சான், அந்த ஒரு நொடிதான் இந்தக் கடிதமே. இல்லை என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றியது. “முடிச்சியே! முந்நூத்தி அம்பத்திரண்டு. ஒவ்வொரு சீட்டையும் இந்தக் கையாலதான் கிழிச்சேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அப்ப இதுவும் ஆவும்” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். நானும் போய்க்கொண்டே இருந்திருப்பேன், செருப்பு அறுந்துவிட்டது. ஒற்றைக் காலில் நான் தத்திக்கொண்டிருக்கும்போது பஸ் வந்து பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. “ஏறுங்கண்ணே” என்றான் ஹாரன், “அக்காவுக்குப் போட்ட துண்டு சும்மாதான் கிடக்கு.”

ஏறினேன். அள்ளுற வண்டியில் ஒரே பயணி நான்தான். ஜன்னலோரம்.

அடுத்த சிக்கல் அப்போதுதான் புரிந்தது. ஹாரனுக்கு மெதுவாக ஓட்ட வராது. உங்கள் தங்கைக்கு ஐம்பதடி பின்னால் வந்துவிட்டான். தாண்டினால் அவள் ஏறித்தான் ஆக வேண்டும், அது சட்டம். ஒரு விசில் கொடுத்தால் ஹாரன் நிறுத்துவான், ஆனால் அது அவள் காதில் விழுந்தால் அவளும் நிற்பாள். இரண்டு கொடுத்தால் அவள் ஓடுவாள், இவனும் எடுப்பான். ஒரு விசிலுக்கு இரண்டு டிரைவர் என்ற நிலைமை எந்தக் கண்டக்டருக்கும் வரக்கூடாது. யோசித்தேன், மச்சான். படிப்புக் குறைவே தவிர, யோசனை குறைவில்லை. பஸ்ஸின் மேல் தகரத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டினேன். அது உள்ளே இருப்பவனுக்கு மட்டும் கேட்கும். ஹாரன் பிரேக்கைப் போட்டான்.

“யாருண்ணே இறங்கறது?”

“நான்தான். இறங்குறேன்.”

நிதானமாக இறங்கினேன். தெருவைப் பார்த்தேன். அறுந்த செருப்பைக் கையில் எடுத்தேன். திரும்ப ஏறினேன். “இந்த ஸ்டாப் இல்ல. அடுத்தது” என்றேன். இப்படி நான்கு ஸ்டாப். நாலாவது தடவை ஹாரன் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். “அண்ணே, நீங்க இறங்கவே வேணாம், நான் மெதுவாத்தான் போறேன், அக்கா போய்ச் சேரட்டும்” என்றான். ஹாரனைக்கூட அடிக்கவில்லை. அதற்குள் விசிலில் உருண்டையும் விடுபட்டிருந்தது. படிக்கட்டில் நின்றபடி, அவள் வேகம் குறையும்போதெல்லாம் இரண்டு இரண்டு விசிலாகக் கொடுத்தேன். பதினோரு வருஷமாக அவள் முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிந்தது அவள் முதுகுதான், அந்த முதுகு ஒவ்வொரு ரெட்டை விசிலுக்கும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம் பதினெட்டு விநாடி. முடித்துவிட்டாள். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக எங்கள் பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டு வந்து, என் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். டிப்போ ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கண்டக்டர், சீட்டு எடுத்தீங்களா?”

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பதில் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உங்களுக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்துவிட்டேன். அதன் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஆகவே மச்சான், நடந்தது இதுதான். உங்கள் தங்கை ஓடிப்போகவில்லை, ஓடி முடித்தாள். அவளை முடிக்கவைத்தது பெரும்பாலும் அடியேன் என்பதை நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? உங்கள் லாரி டயர்கள் நீண்ட நாள் வாழட்டும், அக்காவின் கோபம் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஆறட்டும், வரும் விடுமுறையில் நீங்கள் இருவரும் வந்து எங்களோடு நான்கு நாள் இருந்து போக வேண்டும். மெடலை வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறோம், தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இன்னமும் வீட்டிலேயே வைத்திருக்கும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையைத் தேடி நான் உள்ளே போன நேரத்தில் உங்கள் தங்கை இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். எழுத்துப் பிழை ஏழு என்றாள். பிறகு, “அறுபத்திரண்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “நான் டிரைவர், ஒரு சுத்துக்கு நாலு வளைவு, எத்தனை வளைவு திரும்பினேன்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். என்னைத் தட்டு வைக்க அனுப்பிவிட்டு மீதி அறுபத்திரண்டையும் ஓடி முடித்துவிட்டுத்தான் துணியை எடுத்துக்கொண்டு வந்தாளாம். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பழுதும் கிடையாதாம். நான் வீட்டுச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். “அப்புறம் ஏன் செருப்புக்கடை முனையில அப்படிக் கேட்ட?” என்றேன். “நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்” என்றாள். செக்கர் வேறு தாளும் பேனாவுமாக வந்து, பதினாலாவது கிலோமீட்டரில் பிரேக் போட்டதையும், கடைசியில் நான் விசில் ஊதும்போதெல்லாம் என்ன ஆயிற்றோ என்று அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்ததையும் கூட்டிப் பார்த்து, “நீங்க வீட்டுலயே தூங்கியிருந்தா அம்மா ஆறு நிமிஷம் முன்னாடி வந்திருப்பாங்கப்பா” என்று சொல்லிவிட்டாள். எனவே மேலே நான் எழுதியதில் என்னைப் பற்றியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.

அந்த ஜன்னல் பதிலை மட்டும் அவளுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. உறையை ஒட்டும் முன் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்: சீட்டு எடுத்தீங்களா என்று கேட்டாளே, அவள் ஓட்டுகிற வண்டியில் பதினோரு வருஷமாகச் சீட்டே எடுக்காமல் வந்துகொண்டிருக்கிற ஒரே ஆள் நான்தான், மச்சான்.